பொற்கிண்ணமும் ஆலைக்கதவும்

புதையல் தேடிச் சென்றவரின் கதை எல்லா மொழிகளிலும் உண்டு. புதையலை வைத்தவர் யார், எதற்காக வைத்தார், வைத்த பின் அதன் செலவை எவர் தலையிலே கட்டினார் என்று கேட்கும் கதைகள் மிகச் சிலவே. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே தொடங்கப்பெற்று, 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே முடிவு காணாது நின்றுபோன ஒரு பரிசுப் போட்டியின் வரலாறு இக்கேள்விகளைக் கேட்பதற்கு நல்ல வாய்ப்பைத் தருகின்றது. வீடியோ விளையாட்டைப் பற்றி இலக்கிய சஞ்சிகையில் எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் வாசகர் சிலர் இருக்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலும் இவ்வாறே முகஞ் சுளித்தனர். நம் மாணவரின் மாலைப்பொழுதிற் பெரும்பகுதியை இன்று எடுத்துக்கொள்ளும் ஒரு தொழில் எவ்வாறு வளர்ந்தது, எவரை உண்டு வளர்ந்தது என்பதை அறியாது அம்மாணவருக்கு நாம் எதனைக் கற்பிக்கப் போகின்றோம்?

முதலிற் கம்பனியைப் பற்றிச் சில சொற்கள். அட்டாரி என்பது 1972ஆம் ஆண்டில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இருவர் சிறு முதலுடன் தொடங்கிய நிறுவனம். நான்கு ஆண்டுகளின் பின் வோர்னர் கொம்யூனிகேஷன்ஸ் என்னும் பெருநிறுவனம் அதனை 28 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் பொறி ஒன்றை 1977இல் அட்டாரி சந்தைக்குக் கொண்டுவந்தது. பொறியை ஒருமுறை வாங்கினாற் போதும். விளையாட்டுக்களைத் தனித்தனிப் பேழைகளாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் கொழும்பிலே ‘கசெற்’ என்று அழைத்தது இத்தகைய பேழையைத்தான். சவர அலகு விற்பவன் கைப்பிடியை மலிவாகக் கொடுப்பதுபோலப் பொறியிலே சிறு இலாபம், கசெற்றிலே பெரு இலாபம் என்பதே இவ்வணிகத்தின் சூத்திரம். 1982ஆம் ஆண்டில் அட்டாரியின் விற்பனை ஏறத்தாழ 200 கோடி டொலர். வோர்னர் நிறுவனத்தின் இலாபத்திற் பாதிக்கு மேற்பட்டது இந்த ஒரு கிளையிலிருந்தே வந்தது.

அந்த இலாபத்தை உண்டாக்கியோர் யாவர்? ஒரு புறம், விளையாட்டுக்குரிய நிரல்களை எழுதியோர். மறு புறம், ஆலைகளிலே பலகைகளைப் பொருத்திப் பேழைகளைப் பூட்டிப் பெட்டிகளில் அடுக்கியோர். முன்னவரின் பெயர் கசெற்றின் உறையிலே அச்சிடப்படுவதில்லை. பின்னவரின் பெயரை அச்சிடலாம் என்ற எண்ணமே எவருக்கும் எழுந்ததில்லை. 1978இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த றே கஸார் அதற்கு முன்னர் பெரிய நெசவுக் கம்பனி ஒன்றில் உயர்பதவி வகித்தவர். டேவிட் கிரேன் முதலிய நான்கு நிரலாளர் 1979இல் அவரிடஞ் சென்று, தமது பெயருக்கு மதிப்பும் இலாபத்திற் பங்கும் கேட்டனர். கிரேன் பின்னாளிற் கூறியபடி, அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 20,000 டொலர். அவர் எழுதிய விளையாட்டுக்கள் கம்பனிக்கு ஈட்டிக் கொடுத்ததோ 20 மில்லியன் டொலருக்கு மேல். ஆலையிலே கசெற்றைப் பூட்டும் தொழிலாளியைவிட நீங்கள் எவ்விதத்திலும் முக்கியமானவர் அல்லர் என்ற பொருள்படவே தலைவர் மறுமொழி கூறினார் என்பது அவர்களின் சாட்சியம்.

நால்வரும் இதனைப் பேரவமதிப்பாகக் கொண்டு வெளியேறி அக்டிவிஷன் என்னும் கம்பனியைத் தொடங்கினர். அவமதிப்பு என்பது மெய்யே. ஆயினும் முதலாளியின் அவ்வாக்கியத்தில் அவர் அறியாமலே ஓர் உண்மை ஒளிந்திருந்தது. எழுதியவனும் பூட்டியவளும் ஒரே கூலிமுறையின் கீழ் நின்றனர். ஒருவர் உழைப்பின்றி மற்றவர் உழைப்பு விலைபோகாது. அந்த வாக்கியத்தை நால்வரும் வேறு விதமாக வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. கோபம் தொழிற்சங்கமாகாமல் மற்றொரு கம்பனியாகியது. வொறன் றொபினெற் என்னும் வேறொரு நிரலாளர் தாம் எழுதிய விளையாட்டினுள்ளே ஓர் இரகசிய அறையை அமைத்து, அதிலே தம் பெயரை எவரும் அறியாது பொறித்துவிட்டுப் போனார். கோயிற் சுவரின் மறைவிடத்திலே தன் பெயரைக் கீறிவிட்டுச் செல்லும் சிற்பியின் செயல் இது.

திறமையாளர் வெளியேறிப் போட்டிக் கம்பனிகள் பெருகிய நிலையில், வாங்குவோரைத் தன்னிடம் கட்டிவைத்திருக்க அட்டாரி வழி தேடியது. 1982இல் அறிவிக்கப்பட்ட ‘ஸ்வோர்ட்குவெஸ்ட்’, அதாவது வாள்தேட்டம், என்னும் போட்டி அந்த வழிகளுள் ஒன்று. மண்ணுலகு, தீயுலகு, நீருலகு, காற்றுலகு என நான்கு விளையாட்டுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும் என்றனர். (நாம் பூதங்கள் ஐந்து என்போம், கிரேக்கர் நான்கோடு நிறுத்திக்கொண்டனர். ஆகாயத்துக்கு உரிய இடத்தை இங்கே வாள் பிடித்துக்கொண்டது போலும்.) ஒவ்வொரு விளையாட்டின் புதிரையும் விடுவித்து வெல்பவருக்கு 25,000 டொலர் மதிப்புள்ள ஒரு பொருள். முதலாவதற்கு வைரங்களும் பன்னிரு இராசிக் கற்களும் பதித்த தங்கத் தகடு. இரண்டாவதற்குப் பிளாற்றினமும் பொன்னும் கொண்டு செய்த கிண்ணம். மூன்றாவதற்குப் பொன்முடி. நான்காவதற்குத் தங்கப் பேழையுள் வைத்த வெண்பச்சைக் கல். இந்நான்கையும் வென்ற நால்வரும் இறுதியில் தம்முள் மோதி, வெல்பவர் 50,000 டொலர் மதிப்புள்ள, பொற்பிடியும் வெள்ளி அலகும் கொண்ட வாளைப் பெறுவார். ஆக மொத்தம் 150,000 டொலர்.

புதிர் அமைந்த முறையும் அறியத்தக்கது. முதலாவது விளையாட்டிலே இராசிமண்டலத்தைக் குறிக்கும் பன்னிரண்டு அறைகள் உண்டு. சரியான பொருள்களைச் சரியான அறையிலே கொண்டுசென்று வைத்தால், திரையிலே இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று, கசெற்றுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட சித்திரக்கதைப் புத்தகத்தின் பக்கம். மற்றது, அப்பக்கத்திலுள்ள படத்தின் இலக்கம். அப்படத்தை உற்று நோக்கினால் ஒரு சொல் மறைந்திருக்கும். அவ்வாறு கிடைக்கும் பத்துச் சொற்களில் ஐந்தே மெய்யானவை. எவை மெய்யானவை என்பதைப் புத்தகத்தின் தொடக்கத்திலுள்ள செய்யுளில் நிறம் மாற்றி அச்சிட்ட இரு சொற்கள் உணர்த்தின: பகா எண்ணைக் கொண்ட பக்கங்களிலே உள்ளவை மட்டுமே கொள்ளத்தக்கன. இந்த ஒரு நுட்பத்தை நான் உண்மையிலே பாராட்டுவேன். வகுப்பிலே பகா எண் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட இனிய பயிற்சி கிடைப்பது அரிது.

ஆனால் விளையாட்டு என்ற அளவில் அது வறண்டதே. எந்தப் பொருளை எந்த அறையில் வைப்பது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. மனம்போன போக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டாவது விளையாட்டு யூத மறைஞானத்தின் விருட்சத்தையும், மூன்றாவது நம் யோக நூல்கள் கூறும் சக்கரங்களையும், நான்காவது சீனரின் ‘ஈ சிங்’ நூலையும் அடித்தளமாகக் கொள்வன என்று சொல்லப்பட்டன. எந்த மரபிலிருந்தும் ஒரு சிந்தனையும் எடுக்கப்படவில்லை. எடுக்கப்பட்டவை அறைகளின் எண்ணிக்கையும் அறைகளின் பெயருமே. பரிசை நீக்கிவிட்டால் எஞ்சுவது சிறிது. கலையிலே குறைந்ததை நிரப்பவே பொன் வந்தது என்பது என் எண்ணம்.

சித்திரக்கதை மட்டும் தரமான கைகளிலே இருந்தது. றோய் தோமஸ், ஜெறி கொன்வே எழுத, ஜோர்ஜ் பெரஸ் வரைந்தார். கொடுங்கோல் மன்னன் ஒருவனாற் பெற்றோரை இழந்து, திருடரால் வளர்க்கப்பட்ட இரட்டையரின் கதை அது. அதனை வெளியிட்ட டீசீ கொமிக்ஸ் வோர்னர் நிறுவனத்துக்கு உரியது. பரிசுப் பொருள்களைச் செய்துகொடுத்த பிராங்ளின் மின்ற் என்னும் அணிகல நிறுவனமும் அக்காலத்தில் வோர்னருக்கே உரியது. 1981இல் வாங்கி 1985இல் விற்றுவிட்டனர். கசெற்றும் அவர்களது, கதையும் அவர்களது, கிண்ணமும் அவர்களது. ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து மறு சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளும் கொடை இது. பொருளாதாரம் கற்பிப்போர் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று கரும்பலகையில் எழுதி விளக்குவதை, இவ்வொரு போட்டியைக் காட்டி விளக்கிவிடலாம்.

பரிசைக் காட்டிச் சரக்கை விற்பது அமெரிக்கர் கண்டுபிடிப்பன்று. தமிழ்ப் பத்திரிகை வரலாறு அறிந்தோர்க்கு 1930களின் குறுக்கெழுத்துப் போட்டிகள் நினைவுக்கு வரும். எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் அப்போட்டிகளாற் பெருவாரியான வாசகரைத் திரட்டியது. மலிவான ஆசையை வளர்ப்பதாக அக்காலத்திலேயே கண்டனமும் எழுந்தது. இந்தியா முழுவதும் இத்தகைய போட்டிகள் கட்டுக்கடங்காது பெருகிய பின், 1955ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு வழங்கும் போட்டிகளை அது தடைசெய்தது. பெங்களூரிலே பெரும் போட்டிகள் நடத்திய ஒருவர் தொடுத்த வழக்கில், 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டியது: அச்சட்டம் சூதாட்டத் தன்மை வாய்ந்த போட்டிகளையே கட்டுப்படுத்தும், கணிசமான திறமையாலே வெற்றி தீர்மானமாகும் போட்டியை அன்று. திறமையா, தற்செயலா என்னும் இவ்வினா இன்றும் தீரவில்லை. கொட்டாஞ்சேனையிலே என்னிடம் கற்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கைத்தொலைபேசி விளையாட்டிற் பரிசுப்பெட்டி திறப்பதற்கு மதிய உணவுப் பணத்தைச் செலவிட்டுவிட்டு, “இது திறமைதான் சேர், அதிர்ஷ்டமில்லை” என்று என்னுடன் அரைமணி நேரம் வாதாடினான். வழக்கறிஞனாகும் தகுதி அவனுக்கு உண்டு.

வாள்தேட்டத்தின் முதலாவது சுற்று திறமையின் பக்கமே சாய்ந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். வந்து சேர்ந்த விடைகள் ஏறத்தாழ 5,000. முழுமையாகச் சரியானவை எட்டு. அவ்வெண்மரும் 1983 மே மாதத்தில் அட்டாரியின் தலைமையகம் அமைந்த சன்னிவேல் நகருக்கு அழைக்கப்பட்டு, அவர்களுக்கெனத் தனியாக எழுதப்பட்ட விளையாட்டிலே மோதினர். ஓர் இளைஞர் தங்கத் தகட்டை வென்றார். இரண்டாவது சுற்றில் 73 பேர் சரியான விடை அனுப்பிவிட்டனர். அத்தனை பேரையும் அழைக்க இயலாது என்று, விளையாட்டிலும் சித்திரக்கதையிலும் தமக்குப் பிடித்தது யாது என்று எழுதுமாறு கேட்டு, அவ்வெழுத்தைக் கொண்டு 50 பேரைத் தெரிந்தெடுத்தனர். பரீட்சையிற் சித்தியடைந்தவரை மீண்டும் அழைத்து, பரீட்சகரைப் புகழ்ந்து கட்டுரை எழுதச் சொன்னதற்கு இது ஒப்பாகும். 1984 ஜனவரியிலே கிண்ணமும் வெல்லப்பட்டது.

இவ்விரு வெற்றிகளுக்கும் இடையில் நிகழ்ந்தவற்றைப் போட்டியின் வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியிலே கடந்துவிடுவர். நாம் சற்று நிற்போம்.

1982 டிசம்பர் 7ஆம் நாள், எதிர்பார்த்த இலாபம் வராது என்று வோர்னர் அறிவித்தது. மறுநாளே பங்கின் விலை மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. அவ்வறிவிப்பு வெளிவருவதற்கு 23 நிமிடங்களின் முன் அட்டாரியின் தலைவர் தம்மிடமிருந்த வோர்னர் பங்குகளில் 5,000ஐ விற்றிருந்தார். அரசாங்கத்தின் பங்குச்சந்தை ஆணைக்குழு குற்றஞ் சாட்டியபோது, குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் அந்த இலாபத்தைத் திருப்பிக் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார். 1983 ஜூலையிற் பதவியை விட்டு நீங்கினார்.

1983 பெப்ரவரியில் இரண்டு செய்திகள் வெளியாயின. வாள்தேட்டத்தின் இரண்டாவது கசெற்றாகிய தீயுலகு விற்பனைக்கு வந்தது ஒன்று. கலிபோர்னியாவிலுள்ள உற்பத்தி வேலைகளை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றப்போவதாகவும், அதனால் 1,700 பேர் வேலை இழப்பர் என்றும் அட்டாரி அறிவித்தது மற்றது. அப்பள்ளத்தாக்கின் இலத்திரனியல் ஆலைகளிலே பொருத்துவேலை செய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் அவர்களுள் மிகப் பலர். புதிய தொழில்நுட்பமே அமெரிக்கத் தொழிலாளரைக் காக்கும் என்று பேசிவந்த அரசியல்வாதிகளை அக்காலத்துப் பத்திரிகைகள் ‘அட்டாரி ஜனநாயகக் கட்சியினர்’ என்று அழைத்தன. அட்டாரியே கப்பலேறியபின் அப்பட்டத்தைச் சூடிக்கொள்ள எவரும் முன்வரவில்லை.

இங்கே எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஐந்து பரிசுகளின் மொத்த மதிப்பாகிய 150,000 டொலரை அந்த 1,700 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 88 டொலர் கிடைக்கும். எனவே பரிசு கொடுத்ததாலே தொழிலாளர் வேலை இழந்தனர் என்று நான் கூறவரவில்லை, அது பொய்யாகும். அத்தனை பெரிய ஆரவாரத்துக்குக் கம்பனி செலவிட்டது எத்தனை சிறிது என்பதையே இக்கணக்குக் காட்டுகின்றது. 1983ஆம் ஆண்டில் அட்டாரியால் நேர்ந்த நட்டம் 50 கோடி டொலருக்கு மேல்.

தொழிற்சங்கம் அமைக்கும் முயற்சியும் நிகழ்ந்தது. கண்ணாடித் தொழிலாளர் சங்கம் ஒன்று அட்டாரியின் ஆலைத் தொழிலாளரிடையே வேலை செய்தது. 1983இன் பிற்பகுதியில் நடந்த வாக்கெடுப்பிலே சங்கம் தோற்றது. ஆலை கடல்கடந்து போகும் என்ற அச்சம் கண்முன்னே நிதரிசனமான பின் எவர் துணிந்து வாக்களிப்பர்?

ஆலை போன திசை கிழக்கு. ஆகவே நாமும் கிழக்கிலிருந்து இதனை நோக்கவேண்டியவராகின்றோம். 1978ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவில் நம் நாட்டின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. வரிச்சலுகையும் மலிந்த கூலியும் காட்டி அந்நிய முதலை அழைத்தது அன்றைய அரசு. வந்தவை பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலைகள். இலத்திரனியற் சில்லுக்களைப் பொருத்தும் ஆலைகளும் வரவிருந்தன. மோட்டரோலா, ஹாரிஸ் என்னும் இரண்டு அமெரிக்கக் கம்பனிகள் இங்கே ஆலை நிறுவ உடன்பட்டிருந்து, 1983 ஜூலை நிகழ்வுகளின் பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டன என்று பொருளியலாளர் எழுதியுள்ளனர்.

அந்த ஜூலையைப் பற்றி வெள்ளவத்தை வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 23ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே 13 படையினர் கொல்லப்பட்டனர். 24ஆம் திகதி இரவு பொரளையிலே தொடங்கிய தீ, 25ஆம் திகதி காலி வீதியின் இரு மருங்கும் பரவியது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எஞ்சியோர் இரத்மலானை விமான நிலையத்து முகாமிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கி, ‘லங்கா கல்யாணி’ முதலிய கப்பல்களிலே காங்கேசன்துறைக்கு ஏறினர். ஆலைத் திட்டம் போனதைப் பற்றி எழுதும் சிலர், அதுவே ஜூலையின் பெருநட்டம் என்பதுபோல எழுதுகின்றனர். அவ்வரிசைமுறை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வந்திருந்தால் அவ்வாலைகள் நம் பெண்பிள்ளைகளின் கண்ணொளியைக் குறைந்த கூலிக்கு வாங்கியிருக்கும். வராததால் அந்தக் கூலிகூட இல்லாமற்போயிற்று. முதலாளித்துவம் ஒரு நாட்டைச் சுரண்டுவது ஒரு துன்பம். சுரண்டுவதற்கும் தகுதியற்றதென்று விட்டுச் செல்லும் அளவுக்கு ஒரு நாடு தன்னைத்தானே எரித்துக்கொள்வது வேறொரு துன்பம்.

வெள்ளவத்தைக்கு ஆலையும் புதிதன்று, பிரித்தாளும் முறையும் புதிதன்று. ஜூலைக்கு ஐம்பது ஆண்டுகளின் முன், 1933இல், அங்கேயிருந்த நூல்நூற்பு நெசவு ஆலையிலே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. நாட்டின் மிகப் பெரிய நெசவாலை அது, ஏறத்தாழ 1,400 தொழிலாளர், மூன்றில் இரு பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தோர், அவர்களுள்ளும் பெரும்பாலோர் மலையாளிகள், எஞ்சியோர் சிங்களவர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தொழிலாளரின் பக்கம் நின்றனர். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு வழிகோலிய போராட்டங்களுள் இதுவும் ஒன்று. அதற்கு முன் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க, அந்நியத் தொழிலாளருக்கெதிராக இனக் காழ்ப்பைத் தூண்டி, வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் அனுப்பினார். 1983இல் கலிபோர்னியத் தொழிலாளியின் முன் ஹொங்கொங் தொழிலாளியை நிறுத்திக் காட்டிய கைக்கு இந்தப் பழைய பாடம் தெரியாததன்று. இடையிலே கடல் இருந்தது என்பதே வேறுபாடு.

மீண்டும் சன்னிவேலுக்கு வருவோம். மூன்றாவது கசெற்றாகிய நீருலகு 1984 பெப்ரவரியில் வெளிவந்தது. கடைகளிலே அன்று, கம்பனியின் இரசிகர் கழகத்து அங்கத்தவருக்கு அஞ்சல் வழியாக, மிகச் சிறு தொகையில். அதே ஆண்டு ஜூலையில் அட்டாரியின் வீட்டுப்பொறி, கணினிப் பிரிவுகளை வோர்னர் ஜாக் ட்ரமியேலுக்கு விற்றுவிட்டது. இவர் போலந்து நாட்டு லொட்ஸ் நகரிலே பிறந்த யூதர். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். கொமடோர் கணினிக் கம்பனியைக் கட்டி எழுப்பியவர். கணினியைச் சாமானியரின் கைக்குக் கொண்டுவரவேண்டும் என்று அவர் பேசியது வெறும் விளம்பரமன்று. விலையை உண்மையிலே குறைத்தார். ஆட்களையும் அதே கண்டிப்புடன் குறைத்தார். அட்டாரியைப் பொறுப்பேற்ற சில வாரங்களிலே மிகப் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பழைய உரிமையாளரின் பரிசுப் போட்டிக்கு அவரது கணக்கேட்டில் இடமில்லை. மூன்றாவது பரிசுக்கான பகிரங்க இறுதிப் போட்டி அறிவித்தபடி நடைபெறவில்லை. காற்றுலகு வெளிவரவேயில்லை.

முதலாவதாக வென்றவர் தகட்டைப் பணத்தேவைக்காக உருக்கி விற்றார் என்றும், அதிற் பதித்திருந்த சிறு வாளை மாத்திரம் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்றும் பின்னாளிற் பதிவாகியுள்ளது. நான் அவரைக் குறைகூற மாட்டேன். பொன்னை உணவாகவும் கல்வியாகவும் மாற்றிக்கொள்வதே பொன்னின் நேரிய பயன். எஞ்சிய முடியும் கல்லும் வாளும் எங்கே என்னும் கேள்வி சேகரிப்பாளரை நாற்பது ஆண்டுகளாகத் தூங்கவிடவில்லை. ட்ரமியேலின் வீட்டு அடுப்பங்கரைச் சுவரிலே வாள் தொங்கியது என்றொரு கதை. செய்த இடத்துக்கே திரும்பிச் சென்று உருக்கப்பட்டன என்றொரு கதை. பரிசுகள் வோர்னரின் அணிகல நிறுவனத்திலே உருவானவை என்பதை எண்ணும்போது, இரண்டாவது கதையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. எத்தனையோ கட்டுரைகள், விவாதங்கள், நேர்காணல்கள்! ஒரு வாளின் இருப்பிடத்தைத் துருவிய அளவுக்கு, அந்த 1,700 பேரும் பின்னர் எங்கே வேலை தேடினர் என்று துருவியோரை நான் கண்டிலேன்.

இதற்கு ஒத்ததொரு நிகழ்ச்சி இங்கிலாந்திலும் உண்டு. கிற் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் 1979இல் வெளியிட்ட ‘மாஸ்கரேட்’ என்னும் படப்புத்தகத்திலே, மண்ணிற் புதைத்துவைத்த தங்க முயல் ஒன்றின் இருப்பிடத்தை மறைத்து வைத்தார். 1982இல் அது கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் புதிரை விடுவித்தல்ல, ஓவியரை முன்பு நெருங்கி அறிந்த ஒருவர் வழியாகக் கிடைத்த தகவலாலே என்பது 1988இல் அம்பலமாயிற்று. அம்முயலையே பரிசாகக் காட்டி 1984இல் ‘ஹெயர்றெயிசர்’ என்னும் கணினி விளையாட்டு இரு பாகமாக விற்கப்பட்டது. எவரும் விடுவிக்கவில்லை. கம்பனி முறிந்தது, 1988இல் முயல் ஏலத்தில் 31,900 பவுணுக்குப் போனது. கலிபோர்னியாவிலாவது முதல் இரு சுற்றுக்களும் நேர்மையாக நடந்தன.

விற்காத கசெற்றுக்களின் கதி தெரிந்ததே. 1983 செப்டெம்பரில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமொகோர்டோ நகரின் குப்பைநிலத்திலே லொறி லொறியாகக் கொட்டிப் புதைத்து, மேலே கொங்கிறீற்றும் ஊற்றினர். 2014 ஏப்ரல் 26ஆம் திகதி தோண்டியபோது, புதைக்கப்பட்டவை ஏறத்தாழ 728,000 என்று அந்த வேலையை அன்று மேற்பார்த்த முகாமையாளர் கூறினார். வெளியே எடுத்தவை ஏறத்தாழ 1,300. அவற்றுட் பலவற்றை நகரசபை ஏலத்தில் விற்று ஒரு லட்சம் டொலருக்கு மேல் ஈட்டிக்கொண்டது. புதுக் கசெற்றாக விலைபோகாத பொருள் குப்பையாக விலைபோயிற்று.

காற்றுலகு 2022 நவம்பரிலே வெளிவந்தது. அட்டாரியின் ஐம்பதாண்டு நிறைவுக்கென்று தொகுத்த பழைய விளையாட்டுக்களின் திரட்டிலே, பிற்காலத்து நிரலாளர் அதனைப் புதிதாக எழுதிச் சேர்த்தனர். எழுதியோரின் பெயர்கள் இம்முறை திரையிலே காட்டப்படுகின்றன. இறுதி அறையை அடைவோர்க்குப் பரிசு எதுவும் இல்லை.